மூக்குப்பொடி டப்பாவில் இரண்டு ரெசிஸ்டர்கள்

எங்கள் கடையில் ஆம்ப்ளிஃபயர் இரண்டு, குழாய் ஸ்பீக்கர் ஆறு, மைக் மூன்று இருந்தன. மூன்று மைக்கில் ஒன்று எப்போதும் பழுதாகவே இருக்கும். எங்கள் கடை என்று எழுதுகிறேனே தவிர, கடை முதலாளியுடையது. செஞ்சி கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கும் ஒரு மளிகைக் கடைக்கும் நடுவில் ஏழடி அகலத்தில் இருந்தது. அறுபதுகளின் நடுவில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தபால் வழியில் ரேடியோ பாடமும் படித்து, இருபத்திரண்டு வயதில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று மைக் செட் எங்கே போனாலும் அதை மாட்டி, இயக்கி, திரும்பக் கொண்டுவருவது என் பொறுப்பு.

செட் கடையை விட்டுப் புறப்படுவதற்கு முன் பதினொரு சோதனைகள் செய்வேன். முதலாவது, மைக் கம்பியில் மின்சாரம் நிற்கிறதா என்பது. இது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். மைக்கில் கரித்தூள் மைக் என்று ஒரு ஜாதி உண்டு. அதற்கு மின்சாரம் கொடுத்தால்தான் பேசும். அந்த மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயரே, குரல் வருகிற அதே கம்பி வழியாகத் திருப்பி அனுப்பும். தனிக் கம்பி கிடையாது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்னொரு ஜாதி சுருள் மைக். அதற்குள் காந்தமும் ஒரு மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும், அது யாரிடமும் மின்சாரம் கேட்காது. தவறிப்போய் அதற்கு மின்சாரம் கொடுத்துவிட்டால் சுருள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, குரல் ஜலதோஷம் பிடித்தது போல வரும். எங்கள் பெரிய ஆம்ப்ளிஃபயரில் இரண்டுக்கும் தனித்தனி சாக்கெட் இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மின்சாரம் உள்ளதற்கு முதலாளி சிவப்பு பெயிண்ட் வைத்திருந்தார். பெயிண்டை நம்பி மைக்கைச் செருகக் கூடாது என்பது என் கட்சி. மீட்டரின் இரண்டு முனைகளையும் சாக்கெட்டில் வைத்து, சிவப்பில் ஆறு வோல்ட், மற்றதில் பூஜ்யம் என்று முள் காட்டினால்தான் எனக்கு மனசு ஆறும். பிறகு இன்னொரு முறை பார்ப்பேன்.

"ஏம்பா, பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்ளோ பாக்க மாட்டான். மூணாவது தரம் குத்தறியே, அதுக்கு வலிக்காதா?" என்பார் முதலாளி.

பதினொன்றாவது சோதனை குரல். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பது ஊர் வழக்கம். நான் ஒன்றிலிருந்து இருபது வரை தமிழில் எண்ணுவேன். மூன்றோடு நிறுத்தினால் ஏதோ குறைவதாகத் தோன்றும்.

அந்த ஆனி மாதம் பஸ் ஏஜண்ட் கடைக்கு வந்தார். செஞ்சியிலிருந்து ஓடிய தனியார் பஸ்களுக்கெல்லாம் சேர்த்து ஆள் ஏற்றி அனுப்புகிற பொறுப்பு அவருடையது. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு எத்தனை ஸ்பெஷல் விட்டாலும் போதாது. காலை ஏழு மணிக்கே பஸ் நிலையத்தில் நிற்க இடம் இருக்காது. எந்த பஸ் எங்கே போகிறது என்று மைக்கில் சொன்னால் நெரிசல் குறையும் என்று அவருக்கு யோசனை.

"சொல்றதுக்கு ஆள்?" என்றார் முதலாளி.

"நம்ம கூவுறவரு இருக்காரே, அவருக்கு எதுக்கு மைக்குன்றியா? அவரு கொரலுக்கு மைக்கும் சேந்தா திருவண்ணாமலைக்கே கேக்கும்!"

கூவுகிறவர் என்று ஊரே அழைத்தது ஒரு நாற்பது வயது ஆளை. பஸ் நிலையத்தில் நின்று, கிளம்பப் போகும் பஸ்ஸின் ஊர்ப் பெயர்களை வரிசையாகக் கூவி ஆள் ஏற்றுவது அவர் வேலை. பதினான்கு வருஷமாக அதுதான் பிழைப்பு. நிலம் கிடையாது, வீட்டில் ஏழு பேர். திண்டிவனம் சாலையில் நான் சைக்கிளில் வரும்போது, எந்த பஸ் புறப்படுகிறது என்பது ஊருக்கு வெளியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அவர் குரல் முதலில் கேட்கும் இடத்திலிருந்து பஸ் நிலையம் வரை முந்நூற்றுப் பத்து மிதி. ஒருநாள் எண்ணியிருக்கிறேன்.

ஆனி அமாவாசையன்று ஆறு மணிக்கெல்லாம் நான்கு குழாய்களை நான்கு கம்பத்தில் கட்டிவிட்டேன். பதினொரு சோதனையும் சரி. இருபது வரை எண்ணினேன், ஒவ்வொரு எண்ணும் பளிச்சென்று வந்தது. சத்தக் குமிழ் ஆறில் இருந்தது. பிறகு கூவுகிறவர் வந்து, மைக்கைத் தன் கைக்குட்டையால் சுற்றிக் கட்டிக்கொண்டார். ஷாக் அடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் எல்லோரும் செய்வது அது. எங்கள் மைக்கில் ஷாக் அடிக்காது என்று சொன்னேன், கேட்கவில்லை. வாயைத் திறந்தார்.

நான்கு குழாயிலிருந்தும் வந்தது பேச்சு இல்லை. தகரத்தைக் கல்லில் இழுத்தது போன்ற கரகரப்பு. நடுவே எங்கோ ஒரு "னூர்" மட்டும் கேட்டது. நான் குமிழை ஐந்துக்குக் குறைத்தேன். கரகரப்பு குறையவில்லை, சத்தம்தான் குறைந்தது. அவர் திரும்பிக் குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை எழுப்பினார். இன்னும் குறைத்தேன். இன்னும் எழுப்பினார். ஏழு முறை குறைத்திருக்கிறேன். கடைசியில் குமிழ் இரண்டில் நின்றது. அவர் கழுத்து நரம்பு புடைத்து, வாய் மைக்குக்குள் போய்விடும் போல இருந்தது.

ஜனங்கள் குழாய்களை அண்ணாந்து பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். "இன்னாயா சொல்றான்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். ஒவ்வொரு பஸ்ஸின் கண்டக்டரிடமும் போய், "இது மலையனூர் போவுமா?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களை ஒரு மணி நேரம் எண்ணினேன், எண்பத்து மூன்று பேர். பூசை சாமான் கூடையோடு ஒரு கிழவனும் கிழவியும் திண்டிவனம் பஸ்ஸில் ஏறிப் போயே போய்விட்டார்கள். பத்து மணிக்குத் திரும்பி வந்த கிழவி, கூடையைக் கீழே வைத்துவிட்டு ஏஜண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்காளம்மா கேப்பாடா ஒன்ன! நல்லா இருக்குற வாய்ல குழாய வச்சி ஊமையாக்கிட்டீங்களே!"

ஏஜண்ட் நேராக என்னிடம் வந்தார். "செட்டு சரியில்லயா?"

செட் என் பொறுப்பு. செட்டில் குற்றம் என்றால் முதலாளிக்கு பஸ் நிலைய வாடகை போகும், எனக்கு வேலை போகும். பதினொரு சோதனையும் சரியாக இருந்ததே என்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

"செட்டு நல்லாத்தான் இருக்குதுங்க. அவரு கொரலு மைக்குக்கு ஒத்துவராது."

கூவுகிறவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். கைக்குட்டையை மைக்கிலிருந்து அவிழ்த்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏஜண்ட் அங்கேயே முடிவு செய்தார். ஆடி அமாவாசைக்கு இதைவிட நாலு பங்கு கூட்டம் வரும். ரேடியோவில் பேசுவது போலப் பேசும் ஓர் ஆள் திண்டிவனத்தில் இருக்கிறார், அவரைக் கூட்டிவந்து மைக்கில் உட்காரவைத்துவிடலாம். சரியாக வந்தால் அவரே நிரந்தரம். மைக் வந்தபிறகு வெறும் வாயால் கூவ ஓர் ஆள் எதற்கு?

ஆடி அமாவாசைக்கு இருபத்தொன்பது நாள் இருந்தது.

முதல் மூன்று நாள் நான் சொன்னதுதான் சரி என்று எனக்கு நானே நிரூபிக்கப் பார்த்தேன். முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல். பஸ் நிலையத்து அவசரத்தில் சுருள் மைக்கைச் சிவப்புச் சாக்கெட்டில் செருகிவிட்டேனா? இல்லை. ஒருவேளை உள்ளே ஏதாவது கசிந்து, மின்சாரம் வரக் கூடாத சாக்கெட்டுக்கும் வந்திருக்குமா? மீட்டரை வைத்தேன். பூஜ்யம். ஆம்ப்ளிஃபயரை ஒரு மணி நேரம் சூடேறவிட்டு மறுபடி வைத்தேன். பூஜ்யம். மைக்கை மாட்டிக்கொண்டும் மாட்டாமலும், கம்பியை ஆட்டிக்கொண்டும் ஆட்டாமலும் வைத்தேன். இருபத்தாறு முறை பூஜ்யம். சுருளில் குறை இருக்குமோ என்று மைக்கை மாற்றிப் பார்த்தேன். முதலாளியைப் பேசச் சொன்னேன், பக்கத்துப் பாத்திரக் கடைக்காரரைப் பேசச் சொன்னேன். அவர் மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணர், மெல்லப் பேசுகிறவர். எல்லோர் குரலும் பளிச்சென்று வந்தது.

நான்காம் நாள் மதியம் சாப்பிடும்போது கை பாதியில் நின்றுவிட்டது. செட்டைச் சோதித்தவர்கள் எல்லோரும் சாந்தமாகப் பேசுகிறவர்கள். நானும் அப்படித்தான் இருபது வரை எண்ணினேன். ஊர் முழுக்க மைக் செட்காரர்கள் தட்டிப் பார்ப்பார்கள், ஊதிப் பார்ப்பார்கள், "ஹலோ" என்பார்கள். யாரும் மைக்கில் கத்திச் சோதிப்பதில்லை. கத்தத் தேவையில்லாமல் இருப்பதற்குத்தானே மைக்?

அன்று சாயங்காலமே அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் மனைவி வாசலில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தார்.

"மைக்குக்கு ஆவாத கொரலுன்னு சொன்ன புள்ள நீதானா? வா, ஒக்காரு. கொரல கொறைக்க மருந்து எதுனா கொணாந்திருக்கியா?"

"இல்லக்கா. அண்ணனக் கேக்கணும்."

கூவுகிறவர் உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன். சாப்டியா என்று விசாரித்திருக்கிறார்.

"வூட்ல இப்டித்தான்" என்றார் அந்த அக்கா. "அடுப்பாண்ட நிக்கிற எனுக்கே கேக்காது. கொரல பூரா பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்து வச்சிட்டு, மிச்சம்தான் எங்குளுக்கு."

"அன்னிக்கு ஏன்ணா அவ்ளோ கத்துனீங்க?" என்று கேட்டேன்.

"கேக்கல தம்பி. மொதல்ல என் சத்தம் எனுக்கு நல்லா கேட்டுச்சி. அப்பறம் கொறஞ்சிக்கினே போச்சி. நமக்கே கேக்கலயே, ஜனத்துக்கு எப்டிக் கேக்கும்னு கொஞ்சம் எடுத்து உட்டேன்."

"கொஞ்சமா? ராஜகிரி மலக் கொரங்கெல்லாம் எறங்கி வந்துடுச்சி" என்றார் அக்கா.

நான் சிரிக்கவில்லை. ஏழு முறை நான் குறைத்திருக்கிறேன். ஏழு முறையும் அவர் எழுப்பியிருக்கிறார். அவரைக் கத்தவைத்தது என் விரல்.

கடைத்தெருவில் அவரைக் கூவவிட்டுச் சோதிக்க முடியாது. ஆம்ப்ளிஃபயர் கார் பேட்டரியிலும் ஓடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு செட்டிகுளத்துக் கரைக்குப் போனோம், அவரும் நானும் வண்டிக்காரரும். கரையில் ஒரு குழாய், ஒரு மைக். முதலில் மைக்குக்கும் வாய்க்கும் நடுவே என் கையால் அளந்து ஐந்து சாண் விட்டு, பஸ் நிலையத்தில் கூவுவது போலவே கூவச் சொன்னேன். ஒவ்வொரு பெயரும் தெளிவாக வந்து எதிர்மலையில் பட்டுத் திரும்பியது. நான்கு சாண், தெளிவு. மூன்று சாண், தெளிவு. இரண்டு சாணில் எழுத்தின் ஓரங்கள் பிசிறின. ஒரு சாணில் ஆனி அமாவாசை திரும்ப வந்துவிட்டது.

மூன்று சாண் தள்ளி நிற்கச் சொன்னால் போதாதா என்றால், அது நடக்காது. அவர் கூவும்போது உடம்பு தானாக முன்னால் வரும். எட்டாவது ஊர்ப் பெயரில் உதடு மைக்கைத் தொட்டிருக்கும். நான்கு முறை எண்ணிப் பார்த்தேன், நான்கு முறையும் எட்டு.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றினேன். மைக்கிலிருந்து வரும் குரல் முதலில் ஒரு வால்வுக்குள் போகும். அது குரலைப் பெரிதாக்கும். அதற்குப் பிறகுதான் சத்தக் குமிழ். அந்த வால்வுக்கும் குமிழுக்கும் நடுவில் காதை வைத்துக் கேட்க வேண்டும். அந்த இடத்தில் ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் நிற்கும் என்பதால், அதைத் தடுக்க ஒரு கண்டென்சரை நடுவில் வைத்து ஹெட்போனை இணைத்தேன். இணைப்பை மூன்று முறை பார்த்தேன். குமிழைப் பூஜ்யத்தில் வைத்தேன்.

"இப்ப கூவுங்கண்ணா. கிட்ட வந்து."

குழாய் ஊமையாக இருந்தது. ஹெட்போனில் அதே கரகரப்பு. குமிழ் மூடியே இருக்கிறது, குரல் அதற்கு முன்பே உடைந்துவிட்டது. முதல் வால்வின் வாசலில் அதனால் வாங்க முடியாத அளவுக்குக் குரலைக் கொட்டியிருக்கிறோம். குமிழைக் குறைத்தால் உடைந்த குரல் சின்னதாகக் கேட்கும். அவ்வளவுதான்.

"இன்னா தம்பி, முழிக்கிற? ஏதாவது ஒடஞ்சி போச்சா?" என்றார் அவர்.

"ஒங்க கொரல்ல ஒண்ணும் இல்லண்ணா. தப்பு செட்டுலதான். செட்டுல பாதி, எங்கிட்ட பாதி."

அவர் போய் மாட்டுவண்டியில் சாய்ந்து நின்றார். பிறகு, "இத ஏஜண்டுகிட்ட நீயே சொல்லுவியா?" என்று கேட்டார். வீட்டில் பேசும் குரல். ஆனால் எனக்கு நன்றாகக் கேட்டது.

வழி எளிமையானது. மைக் கம்பி ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையும் முன் இரண்டு ரெசிஸ்டர் வைத்தால் போதும். வருகிற குரலில் பத்தில் ஒரு பங்குதான் வால்வுக்குப் போகும், மீதி வாசலிலேயே நின்றுவிடும். ஆனால் வெளியே திறந்து வைத்தால் உறுமல் சேரும். உலோகத்தால் மூட வேண்டும். முதலாளியின் தீர்ந்துபோன மூக்குப்பொடி டப்பா ஒன்றைக் கழுவி, இரண்டு பக்கமும் துளை போட்டு, ரெசிஸ்டர்களை உள்ளே வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். ஆறு முறை கழுவியும் நெடி போகவில்லை. பற்றவைக்கும்போது ஒன்பது தும்மல்.

டப்பாவின் வழியாகவும் முதல் சோதனையைச் செய்தேன். மின்சாரம் பூஜ்யம். இந்த டப்பாவைக் கரித்தூள் மைக்குக்கு யாராவது மாட்டிவிட்டால் அதற்குப் போக வேண்டிய மின்சாரம் நடுவழியில் செத்துவிடும். அதனால் டப்பாவின் மேல் சுருள் மைக்குக்கு மட்டும் என்று எழுதி ஒட்டினேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வாடகை போனாலும் போவுது, நீ போய்ச் சொல்லு. என் பொடி டப்பா சாட்சி" என்றார்.

ஏஜண்டிடம் போய்ச் சொன்னேன். "அன்னிக்கி நான் சொன்னது தப்புங்க. கொமிழக் கொறைச்சி கொறைச்சி நான்தான் அவரக் கத்தவச்சேன். செட்டும் அவரு கொரலத் தாங்கல. இப்ப சரி பண்ணிட்டேன்."

"அப்ப அன்னிக்கி இன்னாத்துக்குய்யா அவரு மேல போட்ட?"

"பயந்துட்டேங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "திண்டிவனத்து ஆளு வரத்தான் போறாரு. சொல்லியாச்சி. மொத ஸ்பெஷலுக்கு மட்டும் இவரு கூவட்டும். ஜனம் சரியா ஏறுச்சின்னா இவரு. இல்லன்னா அவரு. அப்பறம் எங்கிட்ட வந்து கண்ணக் கசக்கக் கூடாது, ரெண்டு பேரும்."

ஆடி அமாவாசையன்று காலை ஆறு மணிக்கே பஸ் நிலையம் நிறைந்துவிட்டது. திண்டிவனத்து ஆள் வெள்ளை முழுக்கைச் சட்டையோடு ஏஜண்டின் பெஞ்சில் உட்கார்ந்து, தொண்டைக்கு மிளகு மென்றுகொண்டிருந்தார். குழாய்களில் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூவுகிறவர் பக்கம் திருப்பினேன், அதன் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய் ஊளையிடுவதற்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தினேன். தன் குரல் தனக்குக் கேட்டால் அவர் எழுப்பமாட்டார். குமிழ் நான்கில். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவர் கைக்குட்டையை எடுத்து மைக்கில் கட்டினார். டப்பாவைத் தொட்டுப் பார்த்தார்.

"மேல்மலையனூர்! வளத்தி வழி மேல்மலையனூர்! புளியமரத்தாண்ட நிக்கிற மொத வண்டி!"

முதல் சொல்லிலேயே கூட்டம் புளியமரத்தைப் பார்த்துத் திரும்பியது. எட்டாவது பெயரில், எதிர்பார்த்தபடியே, அவர் உதடு மைக்கைத் தொட்டது. குரல் உடையவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, மேல்மாடி ஜன்னல்கள் வரை போய் நின்றது. அவர் தலையைச் சாய்த்துத் தன் குரலைத் தானே கேட்டார். கேட்டுவிட்டு, என் கண் எதிரிலேயே, கொஞ்சம் தணித்துக்கொண்டார். பஸ் நிலையத்தில் அவர் குரலைத் தணித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

நான் புளியமரத்தடிக்குப் போய் நின்று எண்ணினேன். அந்த வண்டியில் ஏறியவர்களில் கண்டக்டரிடம் "இது மலையனூர் போவுமா?" என்று கேட்டவர்கள் நான்கு பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது.

ஏஜண்ட், பெஞ்சில் இருந்தவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, அடுத்த திண்டிவனம் பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரவைத்தார். அந்த பஸ்ஸையும் கூவுகிறவர்தான் கூவி அனுப்பினார், வழியிலுள்ள ஊர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, மரியாதையாக.

மதியம் ஒரு மணி வரை இருபத்திரண்டு ஸ்பெஷல் போயின. கூட்டம் சற்று ஓய்ந்தது. நான் கடைசிக் கம்பத்தடியில் ஒயர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான்கு குழாயும் ஒரே நேரத்தில் பேசின.

"மைக் செட்டுத் தம்பி! மைக் செட்டுத் தம்பி! எங்க இருந்தாலும் ஒடனே வரவும். எங்க வூட்லேருந்து ஒனுக்கும் சேத்து சோறு வந்திருக்குது. கருவாட்டுக் கொழம்பு. ஆறிப் போவுது!"

பஸ் நிலையம் முழுக்கச் சிரித்தது. யாரோ ஒரு பெண், "போ சாமி, போய்த் துன்னு" என்றாள். நான் வேகமாக நடந்தேன். போகிற வழியில் ஆம்ப்ளிஃபயரை எட்டிப் பார்த்தேன். குமிழ் நான்கிலேயே இருந்தது. காலையிலிருந்து ஒருமுறைகூட அதை நான் தொடவில்லை.